வீடியோவில் ஒரு பகுதியை மட்டும் மங்கலாக்குதல்: பாலக்காடு–பொள்ளாச்சி எல்லைப்புற எடிட்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பகுதிகளில் கல்யாண ஸ்டுடியோ நடத்துபவர்களும் ஊர்ச் செய்திச் சேனல் நடத்துபவர்களும் மாஸ்க் போட்டு மங்கலாக்குவது குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அழகுக்காக மங்கலாக்குவதற்கும் ஓர் ஆளைக் காப்பாற்றுவதற்காக மங்கலாக்குவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முதல் வகையில் ஒரு ஃப்ரேம் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் படங்களில் ஒன்று) பிசகினால் யாரும் கவனிக்கமாட்டார்கள்; இரண்டாம் வகையில் அந்த ஒரு ஃப்ரேமே போதும், செய்த வேலை முழுவதும் வீணாகிவிடும். இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பற்றியவை.

மாஸ்க் என்பது என்ன? ப்ளர் எஃபெக்ட் மட்டும் போதாதா?

ப்ளர் எஃபெக்டை ஒரு கிளிப்பின் மேல் போட்டால் படம் முழுவதும் மங்கிவிடும். அந்த எஃபெக்ட் எந்த இடத்தில் செயல்பட வேண்டும், எந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்று எல்லை வகுத்துக் கொடுப்பதே மாஸ்க். தேங்காய் மண்டியில் சாக்கின் மேல் தகட்டை வைத்து மை பூசும்போது, வெட்டிய இடத்தில் மட்டும் மை இறங்குவதைப் போன்றது இது. வட்டம், நாற்கரம், பேனா கொண்டு கையால் வரையும் வடிவம் என்று மாஸ்க் மூன்று வகையாகக் கிடைக்கும். முகத்துக்கு நீள்வட்டமும், நம்பர் பிளேட்டுக்கும் ஆவணங்களுக்கும் நாற்கரமும், பக்கவாட்டில் திரும்பி நிற்கும் உருவத்துக்குப் பேனாவும் பொருந்தும்.

எந்த மென்பொருளில் செய்யலாம்? பணம் கட்டியே ஆக வேண்டுமா?

கட்ட வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். அதில் கலர் பக்கத்தில் மாஸ்க்கைப் பவர் விண்டோ என்று அழைக்கிறார்கள். அதனுடன் வரும் டிராக்கர், அதாவது நகரும் உருவத்தோடு மாஸ்க்கையும் நகர்த்தும் வசதி, மிகவும் திறமையானது. ஆளின் உருவத்தைத் தானே கண்டறிந்து பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க் மட்டும் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில்தான் உண்டு. கேடென்லைவ் முற்றிலும் இலவசம். அதன் மோஷன் டிராக்கர் எஃபெக்டிலேயே மங்கலாக்கும் வசதி இருக்கிறது. அடோபி பிரீமியர் புரோவில் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பகுதியிலேயே ஒவ்வோர் எஃபெக்டின் கீழும் மாஸ்க் வரையலாம். கைபேசியில் வேலை செய்பவர்கள் கைன்மாஸ்டரில் மொசைக் (படத்தைக் கட்டம் கட்டமாக்குவது) அல்லது காஸியன் ப்ளரை (படத்தைச் சீராக மங்கச் செய்வது) ஒரு லேயராக வைத்து, கீஃப்ரேம் (எந்த ஃப்ரேமில் எங்கே இருக்க வேண்டும் என்ற குறிப்பு) கொடுத்து நகர்த்தலாம். ஆனால் பத்து நொடிக்கு மேல் ஆள் நடமாடும் காட்சியை விரல் நுனியால் துல்லியமாகப் பின்தொடர்வது மிகவும் கடினம். ஒருவரின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட காட்சியென்றால் கணினியில் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை.

ஒரு முகத்தை மறைக்கும் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் காட்சியை வெட்டி முடியுங்கள். ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன், வேக மாற்றம் ஆகியவற்றையும் முடித்துவிடுங்கள். மாஸ்க்கை டிராக் செய்த பிறகு இவற்றில் கை வைத்தால் கீஃப்ரேம்கள் முகத்தோடு பொருந்தாமல் போக வாய்ப்புண்டு. பிரீமியரில் ஸ்டெபிலைசேஷன் செய்த கிளிப்பை நெஸ்ட் செய்து (தனிக் கிளிப்பாகப் பொதிந்து), அந்த நெஸ்ட்டின் மேல் ப்ளரையும் மாஸ்க்கையும் போடுவது பாதுகாப்பானது.

பிறகு, முகம் மிகப் பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும் ஃப்ரேமுக்குப் போய் அங்கே மாஸ்க் வரையுங்கள். கிளிப்பின் முதல் ஃப்ரேமில்தான் தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தேவையில்லை. தெளிவான ஃப்ரேமிலிருந்து முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை டிராக் செய்தால் மென்பொருளுக்குப் பிடிமானம் கிடைக்கும். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்காமல் தலைமுடி, காது, தாடை எல்லாவற்றையும் உள்ளடக்கிச் சற்றுத் தாராளமாக இருக்கட்டும். டிராக் செய்யும்போது ப்ளரை அணைத்து வைத்தால், மாஸ்க் எங்கே போகிறது என்பது உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

டிராக்கிங் நடுவில் நழுவிவிடுகிறது. என்ன காரணம்?

டிராக்கர் முகத்தை முகம் என்று அறிந்து பின்தொடர்வதில்லை. மாஸ்க்குக்குள் இருக்கும் வெளிச்ச வேறுபாடுகளையும் புள்ளிகளையும் அடுத்த ஃப்ரேமில் தேடுகிறது, அவ்வளவுதான். ஆள் பக்கவாட்டில் திரும்பினாலும், குடை முகத்தை மறைத்தாலும், கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு பேருந்து கடந்து போனாலும், அது தேடிய புள்ளிகள் காணாமல் போய்விடுகின்றன. அப்போது மாஸ்க் அங்கேயே நின்றுவிடும், அல்லது பேருந்தோடு சேர்ந்து போய்விடும். வாளையாறு நெடுஞ்சாலை ஓரத்தில் எடுத்த பேட்டி எதையும் எடுத்துப் பாருங்கள், லாரிகள் குறுக்கே ஓடாத இருபது நொடி கிடைப்பது அரிது.

இதற்குத் தீர்வு, பேருந்து வருவதற்கு முந்தைய ஃப்ரேம் வரை டிராக் செய்து நிறுத்துவதுதான். பேருந்து கடந்து முடிந்த பிறகு முகம் மீண்டும் தெரியும் இடத்தில் மாஸ்க்கைக் கையால் பொருத்தி, அங்கிருந்து மீண்டும் டிராக் செய்யுங்கள். நடுவில் விடுபட்ட ஃப்ரேம்களுக்கு இரண்டு மூன்று கீஃப்ரேம்களைக் கையால் வையுங்கள். மாஸ்க் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சீராக நகரும். பேருந்தின் மேல் சிறிது மங்கல் விழுந்தால் விழட்டும். சன்னலுக்கு நடுவே ஒரு கணம் முகம் தெரிந்துவிடுவதைவிட அது மேல். டாவின்சி ரிசால்வில் இப்படிக் கையால் திருத்துபவர்கள் டிராக்கர் பகுதியில் ஃப்ரேம் முறைக்கு மாறிக்கொள்வது அவசியம். கிளிப் முறையிலேயே இருந்து மாஸ்க்கை நகர்த்தினால், ஓரிடத்தில் செய்த திருத்தம் கிளிப் முழுவதையும் நகர்த்திவிடும்.

மங்கிய ஒளியில் எடுத்த காட்சிகளிலும், கோயில்களில் இரவில் நடக்கும் ‘வேலா’ திருவிழாக் காட்சிகளிலும் டிராக்கர் நம்பகமாக வேலை செய்யாது. அத்தகைய இடங்களில் ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்று வீதம் கையால் கீஃப்ரேம் வைப்பதே விரைவான வழி. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் பத்து நொடிக் காட்சிக்கு ஐம்பது கீஃப்ரேம். கேட்கும்போது மலைப்பாக இருந்தாலும் செய்து முடிக்கக்கூடிய வேலைதான்.

காஸியன் ப்ளர் நல்லதா, மொசைக் நல்லதா? எவ்வளவு மங்கலாக்க வேண்டும்?

முகத்துக்கு இரண்டுமே ஏற்றவை, அளவு சரியாக இருந்தால். பெரும்பாலோர் தவறவிடுவது இந்த அளவைத்தான். மங்கலின் வலிமையை முகத்தின் அளவோடு ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும். தூரத்தில் நிற்கும் ஆளின் சிறிய முகத்தை முழுவதும் அழித்துவிடும் அதே ப்ளர், அவர் கேமராவை நோக்கி நடந்து வந்ததும் வெறும் மென்மையான படமாகத் தோன்றும்.

மொசைக்கில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முகத்தின் அகலத்தில் ஆறு கட்டங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் அளவுகோல். பிரீமியரின் மொசைக் எஃபெக்டில் நாம் கொடுக்கும் எண், படத்தின் முழு அகலத்துக்கும் எத்தனை கட்டங்கள் என்பதைக் குறிக்கிறது. மாஸ்க்குக்குள் எத்தனை என்பதை அல்ல. 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் முகம் 200 பிக்சல் அகலம் என்றால், ஒரு கட்டம் ஏறத்தாழ 33 பிக்சல் இருக்க வேண்டும். அதற்குக் கிடைமட்ட எண் 58 ஆகும். அந்த ஆள் நெருங்கி வந்து முகம் 600 பிக்சலாக வளர்ந்தால், அதே 58 என்ற எண்ணில் முகத்துக்குள் பதினெட்டுக் கட்டங்கள் வந்துவிடும்; தெரிந்தவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். அங்கே எண்ணை 19-க்குக் குறைக்க வேண்டும். ஆகவே எஃபெக்டின் வலிமைக்கும் கீஃப்ரேம் வைப்பது அவசியமாகிறது.

மங்கலாக்கிய முகத்தை யாராலும் மீட்க முடியாது என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டியிருக்கிறது. 2007-இல், சுழல் போலத் திருகி மறைக்கப்பட்டிருந்த ஒரு குற்றவாளியின் முகத்தை ஜெர்மன் காவல்துறை வல்லுநர்கள் திருகலை எதிர்த்திசையில் அவிழ்த்து மீட்டார்கள். இன்டர்போல் அந்தப் படத்தை வெளியிட்ட பிறகு அவர் கைது செய்யப்பட்டார். 2016-இல் டெக்சஸ், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மொசைக் போட்ட முகங்களையும் யூடியூபின் ப்ளர் கொண்டு மறைத்த முகங்களையும் கணினி நரம்பு வலையைப் பயிற்றுவித்து அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். வீடியோவில் ஆபத்து இன்னும் அதிகம். அசையும் முகத்தின் மேல் கட்டங்கள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெவ்வேறு இடத்தில் விழுவதால், பல ஃப்ரேம்களைச் சேர்த்துப் பார்ப்பவருக்குக் கூடுதல் தகவல் கிடைத்துவிடுகிறது.

ஆகவே அடையாளம் வெளிப்பட்டால் ஒருவரின் உயிருக்கோ வாழ்வுக்கோ கேடு வரும் என்ற நிலையில் ப்ளரை நம்பாதீர்கள். அந்த மாஸ்க்குக்குள் ஒரே நிறத்தை நிரப்பிவிடுங்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்காது. ஆனால் மீட்பதற்கு அதில் எதுவும் மிஞ்சாது.

ஃபெதரை அதிகமாக வைத்தால் விளிம்பு மென்மையாகத் தெரிகிறது. அதில் தவறு உண்டா?

உண்டு. ஃபெதர் என்பது மாஸ்க்கின் விளிம்பைப் படிப்படியாகக் கரைக்கும் அமைப்பு; அது வைத்த விளிம்பில் மங்கிய படமும் மங்காத படமும் கலந்தே தெரிகின்றன. அந்தக் கலப்பு மாஸ்க்கின் கோட்டுக்கு வெளியே பாதி, உள்ளே பாதி என்று பரவுகிறது. உள்ளே பரவும் பாதியில்தான் தாடைக் கோடும் காதும் நெற்றி முடியும் கசிகின்றன. ஃபெதர் வேண்டுமென்றால் அதற்கு ஈடாக மாஸ்க்கை வெளிப்புறமாக விரிக்கும் எக்ஸ்பேன்ஷனைக் கூட்டுங்கள்.

வண்டியின் நம்பர் பிளேட்டை மங்கலாக்கினால் போதுமா?

எண்ணெழுத்துக்களுக்கு ப்ளரும் மொசைக்கும் முகத்தைவிடப் பலவீனமான மறைப்புகள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் பத்தே வாய்ப்புகள்தான் உண்டு. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்புப் பலகைகளில் எழுத்தின் வடிவமும் அளவும் ஒரே மாதிரியானவை என்பதால், ஒவ்வோர் எண்ணையும் அதே அளவில் மங்கலாக்கி ஒப்பிட்டுப் பார்த்து ஊகிப்பது இன்னும் எளிதாகிவிட்டது. பலகைக்கு ஒரே நிற நிரப்பல்தான் சரி.

பலகை முழுவதையும் மறைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசி நான்கு எண்களை மட்டும் மறைத்துவிட்டு கேஎல் 70, டிஎன் 41 என்பவற்றைத் தெரிய விடுகிறார்கள். முதலாவது சித்தூர் வட்டாரத்தையும் இரண்டாவது பொள்ளாச்சியையும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கிராமத்தில் அந்த நிறத்து வண்டி இரண்டோ மூன்றோதான் இருக்கும். சரக்கு வண்டிகளில் எண்ணைப் பக்கவாட்டுப் பலகையிலும் எழுதியிருப்பார்கள். உரிமையாளரின் பெயரும் கைபேசி எண்ணும்கூடப் பின்கதவில் இருக்கும்.

கள்ளுக்கடைச் சாப்பாட்டு வீடியோக்களில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை மறைக்க வேண்டுமா?

மறைப்பதே நேர்மை. கேரளத்தில் கள்ளுக்கடை உரிமம் பெற்று நடக்கும் தொழில். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. எல்லை தாண்டி வந்து உட்கார்ந்திருப்பவர் இங்கே எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் அவர் வீட்டிலும் அவர் வேலை பார்க்கும் இடத்திலும் அந்தக் காட்சி எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பது நமக்குத் தெரியாது. கப்பையையும் மீன் கறியையும் காட்டுவதற்கு அவர் முகம் தேவையில்லை.

எடுக்கும்போதே கேமராவைத் தாழ்வாக வைத்து, மேசையை மட்டும் படமெடுத்தால் மாஸ்க் வேலையே மிச்சம். ஏற்கெனவே எடுத்துவிட்ட காட்சியில் பலர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தனி மாஸ்க் வைத்து டிராக் செய்யாமல், நீங்களும் உணவும் இருக்கும் பகுதியைச் சுற்றி ஒரே மாஸ்க் வரைந்து அதைத் தலைகீழாக்குங்கள். அதாவது மாஸ்க்குக்கு வெளியே இருப்பவை அனைத்தும் மங்கட்டும். யாராவது புதிதாக உள்ளே நுழைந்தாலும் அவரும் தானாகவே மங்கிவிடுவார் என்பது இந்த முறையின் பெரிய நன்மை.

ஆதார், ரேஷன் கார்டு போன்ற ஆவணங்களைக் காட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எண்களை நிறம் நிரப்பி மறையுங்கள் என்பதை மேலேயே சொல்லியாகிவிட்டது. கேரள ரேஷன் கார்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று கார்டின் நிறமே குடும்பத்தின் வகையைச் சொல்கிறது. மஞ்சள் என்றால் மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா. ப்ளர் எழுத்தை அழிக்கும், நிறத்தை அழிக்காது. எந்த அளவுக்கு மங்கலாக்கினாலும் மஞ்சள் கார்டு மஞ்சளாகவே தெரியும். பார்ப்பவர் அந்த வீட்டின் நிலையைப் புரிந்துகொள்வார். அதைச் சொல்ல அந்தக் குடும்பம் விரும்பவில்லையென்றால், மாஸ்க்குக்குள் நிறச் செறிவையும் பூஜ்யமாக்குங்கள், அல்லது சாம்பல் நிறத்தால் நிரப்புங்கள். பள்ளிச் சீருடைக்கும் இதே விதி பொருந்தும்.

முகத்தை மறைத்த பிறகும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி?

முகம் அடையாளத்தின் ஒரு பகுதி மட்டுமே. குரல், நடை, கையில் பச்சை குத்திய பெயர், பின்னால் உள்ள கண்ணாடியிலும் நிறுத்திய பைக்கின் தொட்டியிலும் தெரியும் பிம்பம் ஆகிய ஒவ்வொன்றும் சாட்சி சொல்லும். எல்லைப் பகுதியில் இதற்கும் மேலாக ஒன்று இருக்கிறது. இங்கே வாயில் தூணில் வீட்டுப் பெயரைப் பொறித்து வைப்பது வழக்கம். ஊராருக்கு அந்தப் பெயரே முகவரி. அது பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எடிட்டர் அதை ஓர் அலங்காரமாகக் கருதி விட்டுவிடுவார். பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெளிவாகப் புரியும். பேருந்துப் பலகை, பஞ்சாயத்துப் பெயர்ப் பலகை, அங்கன்வாடிச் சுவர் ஆகியவையும் அப்படித்தான். இரண்டு எழுத்துகளையும் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து ஒரு முறை பார்க்கச் சொல்லாமல் இந்தப் பகுதியின் காட்சிகளை வெளியிடுவது சரியல்ல.

குழந்தைகள் தொடர்பான செய்திகளில் சட்டம் என்ன சொல்கிறது?

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையோ அடையாளத்துக்கு வழிவகுக்கும் வேறு எதையுமோ ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. நலன் கருதி அனுமதி தரும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, சட்டத்துடன் முரண்பட்ட சிறாருக்கும், பாதுகாப்பு தேவைப்படும் சிறாருக்கும், சாட்சியாக நிற்கும் சிறாருக்கும் இதே காப்பை அளிக்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு பொருந்தும்.

போக்சோ பிரிவின் பட்டியலைக் கூர்ந்து படியுங்கள். பள்ளியும் வசிக்கும் பகுதியும் அதில் இருக்கின்றன. குழந்தையின் முகத்தை மறைத்துவிட்டுத் தாயின் முகத்தைக் காட்டுவதும், வீட்டு வாசலில் நின்று செய்தி சொல்வதும் மாஸ்க் போட்டதாகவே ஆகாது. அத்தகைய செய்திகளுக்குக் காட்சியே வேண்டாம் என்று முடிவெடுப்பதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

முகங்களைத் தானே கண்டறிந்து மங்கலாக்கும் வசதிகளை நம்பலாமா?

தொடக்கத்துக்குப் பயன்படுத்தலாம், முடிவுக்கு நம்பக் கூடாது. குனிந்திருக்கும் தலை, பக்கவாட்டு முகம், தலையில் போட்ட துண்டு, புகை ஆகியவற்றில் அவை தவறிவிடுகின்றன.

வெளியிடும் முன் எப்படிச் சரிபார்ப்பது?

டைம்லைனில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எக்ஸ்போர்ட் ஆன கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு முறை சாதாரண வேகத்தில், பிறகு அம்புக்குறி விசையால் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டின் முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் அதிகக் கவனத்துக்குரியவை. ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றும் கிராஸ் டிசால்வ் போட்டிருந்தால் கூடுதல் ஆபத்து உண்டு. அந்த டிரான்சிஷன், நீங்கள் வெட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள ஃப்ரேம்களையும் எடுத்துக்கொள்கிறது. அந்த ஃப்ரேம்களில் நீங்கள் டிராக் செய்திருக்க மாட்டீர்கள். மறைக்க வேண்டிய முகம் இருக்கும் இடத்தில் நேரடி வெட்டே நல்லது.

தம்ப்நெயிலை மூலக் கிளிப்பிலிருந்து எடுக்காமல் எக்ஸ்போர்ட் ஆன கோப்பிலிருந்து எடுங்கள். வேலையை இன்னொரு ஸ்டுடியோவுக்கு அனுப்பும்போது ப்ரொஜெக்டையும் மூலக் கிளிப்பையும் சேர்த்து அனுப்பினால் மாஸ்க்குக்குப் பொருளே இல்லை. குரல் தணிக்கையையும் இந்தச் சுற்றிலேயே செய்யுங்கள். யாராவது பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள்.

ஏற்கெனவே யூடியூபில் ஏற்றிவிட்டேன். இப்போது ஒருவர் தன் முகத்தை மறைக்கச் சொல்கிறார்.

யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே ப்ளர் வசதி இருக்கிறது. முகங்களை மங்கலாக்கும் வசதி 2012-இலும், நாமே தேர்ந்தெடுக்கும் பகுதியை மங்கலாக்கும் வசதி 2016-இலும் வந்தன. வீடியோவின் இணைய முகவரியும் பார்வை எண்ணிக்கையும் கருத்துகளும் மாறாமல் அதே வீடியோவில் திருத்தம் சேரும். ஆனால் திருத்தம் செயலாக்கப்பட்டு முடிய நேரம் பிடிக்கும். அதுவரை பழைய வடிவமே பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் வீடியோவைப் பிரைவேட் ஆக்குங்கள், பிறகு திருத்துங்கள், முடிந்ததும் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துவிட்டுத் திரும்பத் திறந்துவிடுங்கள். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் பகிர்ந்த பிரதிகளையும் அன்றே நீக்கி, கேட்டவருக்கு அதைத் தெரிவித்துவிடுங்கள்.